சூரிய ஒலி

புறநகர்க் கட்டட ஒழுங்கு வாரியத்தின் தாம்பரம் மண்டல அலுவலகத்தில் மின்விசிறியைத் தவிர வேறெதுவும் ஓடுவதில்லை என்று சிலர் பத்திரிகை ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அவர்கள் அந்த அலுவலகத்துக்குள் போனதில்லை என்பது நிச்சயம். மின்விசிறியும் ஓடுவதில்லை. நான் அவதூறு எதுவும் சொல்லாமல் நடந்ததை மட்டும் சொல்லப்போகிறேன். அதுவே போதும்.

லாசரஸ் பொழிச்சலூரில் சொந்த வீட்டில் வசிக்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆளில்லாத ரோட்டில்கூடச் சிக்னல் மாறும்வரை நிற்பவர். அவர் மனைவி ரத்தினபாய், பம்மல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

டீச்சருக்கு முடக்குவாதம். காலையில் கண் விழித்தால் பத்து விரலும் மடங்கிக் கிடக்கும். தோளிலிருந்து சூடாகத் தண்ணீர் விட்டுக் குளித்தால்தான் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். திறந்தால் சாக்பீஸ் பிடிக்கலாம், ஜாக்கெட்டின் முதுகுப்பக்க ஹூக்கைத் தானே மாட்டிக்கொள்ளலாம். திறக்காத நாளில் லாசரஸ்தான் ஹூக் மாட்டிவிட வேண்டும். ஒரு பார்வையில் வகுப்பையே அடக்கி உட்காரவைக்கிற பெண்மணிக்கு இது பெரிய அவமானம். மாட்டி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கீசர் வாங்கிக்கொள்ளலாமே என்பவர்கள் பொழிச்சலூர் போர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்ததில்லை. அவர்கள் வீட்டில் மூன்று கீசர்கள் உப்புப் பிடித்தே செத்துப்போயின. கடையில் விற்கிற சோலார் ஹீட்டர் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு மாடியில் இருக்கிறது. அதன் குழாய்களில் உப்பு அடைத்து இப்போது காக்கா உட்காரத்தான் பயன்படுகிறது. அடுப்பில் குண்டான் குண்டானாகக் காய்ச்சித் தூக்கலாம் என்றால், லாசரஸுக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆகியிருந்தது. கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆகவே லாசரஸ் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, மொட்டைமாடியில் தானே ஒரு ஹீட்டர் செய்தார். ஒரு பலகைப் பெட்டி. அதற்குள் கருப்புப் பெயின்ட் அடித்து வளைத்து வளைத்துப் போட்ட செம்புப் பைப். மேலே பழைய ஷோகேஸ் கண்ணாடி. பக்கத்தில் உயரமாக ஒரு எவர்சில்வர் டிரம், சூடு ஆறாமல் இருக்கத் தெர்மகோலும் கிழிந்த கம்பளியும் சுற்றி. உப்புப் பிடித்தால் கழற்றித் தட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்ளலாம். பார்க்க லட்சணமாக இல்லைதான். சவப்பெட்டி மாதிரி இருக்கிறது என்று டீச்சரே சொன்னார். ஆனால் மறுநாள் விடியற்காலையில் குழாயைத் திறந்தபோது ஆவி பறக்கத் தண்ணீர் வந்தது. அன்றைக்கு டீச்சர் ஹூக்கைத் தானே மாட்டிக்கொண்டு, வாசல்வரை வந்து கணவருக்கு டாட்டா காட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனார். இப்படி எத்தனையோ மாதம் நன்றாக ஓடியது.

அப்புறம் வாரியம் ட்ரோன் வாங்கியது.

வாரியத்துக்கு ட்ரோன் எதற்கு என்று கேட்கக் கூடாது. வாங்கியாகிவிட்டது, எதையாவது படம் பிடித்துத்தானே ஆக வேண்டும்? பொழிச்சலூர் ஏரியில் வளர்ந்திருந்த மூன்று மாடிக் கட்டடங்கள் அதன் கண்ணில் படவில்லை. லாசரஸின் பெட்டி பட்டது. 'தங்கள் மாடியில் அடையாளம் தெரியாத கரிய நிற அமைப்பு காணப்படுகிறது. ஒரு மாதத்துக்குள் முறையான அனுமதி பெறாவிடில் அகற்றப்படும்' என்று நோட்டீஸ் வந்தது. லாசரஸ் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, முறையாக அனுமதி பெற்றுவிடுவது என்று முடிவு செய்தார். அவர் சுபாவம் அப்படி. அவர் கெட்டதே அதனால்தான்.

விண்ணப்பம் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று விதி. டீச்சர் நல்ல தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: 'சூரிய ஒளியால் இயங்கும், வீட்டில் செய்த வெந்நீர் அமைப்பு.' கவுன்டரில் நித்யஸ்ரீ என்ற பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தாளைப் பார்த்து வாய்விட்டுப் படித்துக்கொண்டே தட்டினாள்.

"சூரிய ஒலியால் இயங்கும், வீட்டில் செய்த வெந்நீர் அமைப்பு. ஓகேவா சார்?"

காதுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் ஒளியை அப்படித்தான் சொல்கிறார்கள். லாசரஸ் ஓகே என்றார். ரசீது அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தார்.

"மேடம், இங்க ஒலின்னு விழுந்திருக்கு. ஒளின்னு வரணும்."

"அதான் சார் போட்டிருக்கேன். ஒலி."

"இல்ல மேடம். இது சத்தம். நான் சொல்றது வெளிச்சம்."

நித்யஸ்ரீ திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டும் ஒலிதானே சார்?"

லாசரஸ் நாக்கை மேலண்ணத்தில் மடித்து, "ஒள்ள்ளி" என்று சொல்லிக் காட்டினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவருக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று விலகி நின்றார்கள். நித்யஸ்ரீ தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"சப்மிட் குடுத்தாச்சு சார். இனிமே மாத்தணும்னா மேலதான் போகணும். ஒரு எழுத்துக்குப் போயி டென்ஷன் ஆகாதீங்க. ஃபைலை எல்லாம் இங்க யாரு சார் படிக்கப்போறா?"

அவள் சொன்னது உண்மை. ஃபைலை யாரும் படிக்கவில்லை. கம்ப்யூட்டர் மட்டும் படித்தது. 'ஒலி' என்ற சொல்லைக் கண்டதும் அது விண்ணப்பத்தை ஒலிக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தள்ளிவிட்டது. அந்த அலுவலகத்தில் லகரத்துக்கும் ளகரத்துக்கும் வித்தியாசம் பார்த்த ஒரே ஊழியர் அந்தக் கம்ப்யூட்டர்தான்.

பத்து நாள் கழித்து ஒலிக் கட்டுப்பாட்டுப் பிரிவின் ஆய்வாளர் துளசிங்கம் கையில் சத்தம் அளக்கிற மீட்டரோடு ஜீப்பில் வந்து இறங்கினார்.

"இன்னா சார், மெஷின் மேலயா கீது?"

மாடிக்கு ஏறினார்கள். உச்சி வெயில். துளசிங்கம் மீட்டரைப் பெட்டியின் மேல் வைத்துக் காதையும் வைத்தார். "ஆன் பண்ணு சார்."

"ஆன்லதான் சார் இருக்கு. வெயில் அடிக்குதில்ல?"

"சவுண்டே காணமே."

"சவுண்ட் வராது சார். வெந்நீர்தான் வரும்."

அந்த நேரம் பார்த்து மீனம்பாக்கத்தில் இறங்கப்போன விமானம் ஒன்று தலைக்கு மேல் போனது. தண்ணீர்த் தொட்டி மூடி தடதடவென்று ஆடியது. மீட்டரின் எண்கள் சிவப்பாகி மின்னின. லாசரஸ் ஆவலோடு துளசிங்கத்தைப் பார்த்தார்.

"அது ஏரோபிளேன் சார். சென்ட்ரல் கவுர்மென்ட்டு. நம்ம லிமிட்டுல வராது" என்று துளசிங்கம் மீட்டரை அணைத்தார். விமானம் போனதும் மறுபடி போட்டார். பெட்டி மௌனமாக இருந்தது.

லாசரஸ் குழாயைத் திறந்து காட்டினார். துளசிங்கம் விரலை நீட்டிச் சட்டென்று இழுத்துக்கொண்டார். வாளியில் பச்சைத் தண்ணீர் கலந்து முகம் கழுவினார். பேன்ட்டை மடித்துவிட்டுக் காலும் கழுவினார். "சூப்பரா கீது சார். கொதிக்குது. எங்க வூட்ல கீற கீசர்லகூட இந்தச் சூடு வராது." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: 'கருவி இயங்கவில்லை. ஒலி பூஜ்யம்.'

"சார், இப்பதானே கொதிக்குதுன்னு சொன்னீங்க!"

"நான் சவுண்டு ஆளு சார். டிபார்ட்மென்ட்டுல எனக்குக் காது மட்டும்தான் குட்துக்கிறாங்கோ. சூடு, குளிரு எல்லாம் வேற செக்‌ஷன்" என்றார் துளசிங்கம். அவர் நல்ல மனிதர். ரொம்ப வருத்தத்தோடுதான் பெட்டியிலிருந்து வீட்டுக்குள் இறங்குகிற பைப்பின் வால்வை மூடி, கம்பி சுற்றி ஈய முத்திரை வைத்தார். இயங்காத கருவியை இயங்குவதாகச் சொன்னால் முத்திரை வைக்க வேண்டும் என்பது விதி.

மறுநாள் காலை டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். லாசரஸ் ஹூக் மாட்டினார். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒரு வாரத்தில் கரும்பலகையில் டீச்சரின் எழுத்து கோணிக்கொண்டு போனது. தலைமையாசிரியை தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், கஷ்டப்பட்டுக்கிட்டு ஏன் வர்றீங்க? ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிக் குடுத்துருங்களேன்" என்று அன்பாகச் சொன்னார். அந்த அன்பு எதில் போய் முடியும் என்று டீச்சருக்குத் தெரியும். ரசீதை வாங்கிப் பார்த்தார். விரல் மடங்காதிருந்தால் கிழித்திருப்பார்.

"இதை எழுதினவ என் கிளாஸ்ல இருந்திருந்தா ஐந்நூறு தடவ எழுத வச்சிருப்பேன்" என்றார்.

"ஒரு எழுத்துதானே, போய்ச் சொன்னா மாத்திருவாங்க" என்றார் லாசரஸ்.

மாற்ற அதிகாரம் உள்ளவர் மண்டலச் செயற்பொறியாளர் லோகநாதன். அவரைப் பார்க்க லாசரஸ் மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்தார். நான்காம் நாள் உள்ளே விட்டார்கள். லோகநாதன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், டீச்சரின் விரல்களைப் பற்றிச் சொன்னபோது உச்சுக்கொட்டினார்.

"மிஸ்டர் லாசரஸ், உங்க பக்கம் நியாயம் இருக்கு. இல்லன்னு சொல்லல. ஆனா என் சைடுல இருந்து பாருங்க. ஃபைல் ஒலின்னு வந்தாச்சு. சவுண்ட் செக்‌ஷன் இன்ஸ்பெக்‌ஷன் போயாச்சு, டீசல் போட்டாச்சு. இப்ப நான் பேனா எடுத்து ள-ன்னு மாத்துறேன்னு வைங்க. நாளைக்கு ஆடிட்டுக்கு வர்றவன் என்ன கேப்பான்? வெளிச்சத்தைப் போய்க் காதுல வச்சுக் கேட்டுட்டு வந்தீங்களாய்யான்னு கேப்பான். மனுஷன் தப்பு பண்ணலாம் சார், ஃபைல் தப்பு பண்ணக் கூடாது. என் சர்வீஸ்ல ஒரு ஃபைல்கூடத் தப்புன்னு பேர் வாங்கினதில்ல. ஏன் தெரியுமா? நான் ஒண்ணைக்கூட முடிச்சதில்ல."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையான பெருமை இருந்தது. பிறகு ஃபைலை மொழிச் செம்மைக் குழுவுக்கு அனுப்பிவைத்தார். எழுத்துப் பிழை திருத்துவது அந்தக் குழுவின் வேலையாம்.

குழுவின் தலைவர் முனைவர் ஜெயவேலு. தோளில் சால்வை, மேஜையில் போண்டா. உறுப்பினர்கள் இருவர் இருந்தார்கள், இருவரும் போண்டா பக்கம் இருந்தார்கள். லாசரஸ் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதுமே தலைவர் கையமர்த்தினார்.

"ஐயா, தாங்கல் எடுத்துவந்திருப்பது சாதாரணச் சிக்கலன்று. உயிர்நாடிச் சிக்கல். லகரம், லகரம், லகரம் ஆகிய இம்மூன்றையும் வேறுபடுத்தி ஒலிப்பதில்தான் தமிலின் தனிச்சிறப்பே அடங்கியிருக்கிறது. குறிப்பாகச் சிறப்பு லகரம்! உலகில் எம்மொலிக்கும் இல்லாத அந்த எழுத்தை இந்தக் குலு உயிரைக் கொடுத்தேனும் காக்கும்."

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். லாசரஸும் தட்டினார். கைதட்டாதவர்களின் மனு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை.

தலைவர் விண்ணப்பத்தையும் அதோடு இணைத்திருந்த விவரக் குறிப்பையும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். திடீரென்று முகம் சிவந்தது. "பைப்! இது என்ன சொல்? வெல்லைக்காரன் போய் எத்தனை காலமாயிற்று, இன்னும் பைப்பா?" என்று சிவப்புப் பேனாவால் அடித்து, மேலே 'குழல்' என்று எழுதினார். எழுதிவிட்டுச் சற்றுத் தள்ளி வைத்து ரசித்தார். அப்போது அவருக்கு ஞானம் பிறந்தது.

"ஆ! கண்டீர்கலா? குலல் என்று வந்துவிட்டால் அதற்கு முன்னே என்ன வர வேண்டும்? ஒலி! குலலுக்கு வெலிச்சம் ஏது? ஆகவே பிலை ஒலியில் இல்லை ஐயா. பைப்பில் இருந்தது. நீக்கிவிட்டோம்."

"ஐயா, வெந்நீர்?"

"குலலுக்கும் வெந்நீருக்கும் தொடர்பில்லை. மிகைச்சொல். அதையும் நீக்கிவிட்டோம்" என்று கையெழுத்துப் போட்டார்.

திருத்தப்பட்ட ஃபைலில் லாசரஸின் ஹீட்டருக்கு 'சூரிய ஒலிக்குழல்' என்று பெயர். பிரிவு: இசைக்கருவி. லோகநாதன் அதைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"இப்ப பாருங்க சார், எவ்வளவு க்ளியர் ஆயிடுச்சு! சூரியன் வந்தா சத்தம் வரணும், அவ்வளவுதான் கண்டிஷன். ஏதாவது ஒரு சத்தம் காட்டுங்க, அன்னைக்கே அப்ரூவல்."

"சார், அது ஹீட்டர் சார்."

"உங்க மெஷினை மாத்துறது ஈஸி மிஸ்டர் லாசரஸ். ஃபைலை மாத்துறதுதான் கஷ்டம்."

அனுமதி என்று ஒன்று வந்துவிட்டால் முத்திரையை எடுத்துவிடுவார்கள், அப்புறம் வெந்நீரை யார் கேட்கப்போகிறார்கள் என்று லாசரஸ் கணக்குப் போட்டார். தப்புக் கணக்குதான். ஆனால் தினமும் விடியற்காலையில் மனைவியின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவருக்கு வேறு கணக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவளத்திலிருந்து மாணிக்கவேல் மீன் கொண்டுவந்தார். வண்டியின் பின்னால் ஐஸ் பெட்டி, முன்னால் ஒரு குழாய் ஸ்பீக்கர். சர்ச் முடிந்து வருகிற வீடுகளுக்கு அவர்தான் வாடிக்கை.

"இன்னா சார், மூஞ்சி செத்துக்கினு கீது?"

லாசரஸ் நடந்ததைச் சொன்னார். மாணிக்கவேல் சங்கராவைச் செதில் சீவிக்கொண்டே கேட்டார். நடுவில் ஒரு முறை கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார் பேஜாரா கீது! சுடுதண்ணி பொட்டி கூவணுமாமா? சவுண்டுதான வோணும்? நம்மகைல ஒரு பயிய ஸ்பீக்கரு கீது, எட்த்துக்கோ. எங்க வூட்டம்மா முத்தாலம்மா வாய்ஸு. வேற வாய்ஸு மாத்த முடியாது, பட்டனு பூட்ச்சி."

"உங்களுக்கு வேண்டாமா?"

"ஒரிஜினலு வூட்லயே கீது சார். அத்தயே நிறுத்த முடியல."

லாசரஸ் அந்த ஸ்பீக்கரைப் பெட்டியின் தலையில் திருகி, ஒரு சின்ன சோலார் தகட்டோடு இணைத்தார். மறுநாள் வெயில் தகட்டில் பட்டதும் பொழிச்சலூர் அதிர்ந்தது. "மீனே... மீனேய்! சங்கரா கீது, வஞ்சிரம் கீது, நெத்திலி கீது! வாம்மா, வாம்மா, வந்து பாத்து வாங்கும்மா!" எதிர்வீட்டு அம்மாள் பாத்திரத்தோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். மீன் இல்லை என்று லாசரஸ் சொன்னதை அவர் நம்பவில்லை. தனக்கு மட்டும் இல்லை என்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு போனார்.

துளசிங்கம் மீட்டரோடு வந்தார். அளந்தார். "இப்ப ஓகே சார். பக்காவா கீது" என்று கை குலுக்கினார்.

அனுமதி ஆணை வந்தது. அதில் நிபந்தனைகள் இருந்தன. சூரிய ஒலிக்குழல் தினமும் சூரிய உதயத்தில் ஒலிக்க வேண்டும், முன் அனுமதியின்றி நிறுத்தக் கூடாது. இசைக்கருவிக்குத் தண்ணீர் தேவையில்லாததால் பைப்பில் வைத்த முத்திரை நிரந்தரமாக நீடிக்கும். வீட்டு வாசலில் உரிமையாளர் தம் செலவில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். அதன் வாசகம் மொழிச் செம்மைக் குழுவே அருளியது. முதல் வரி: 'புறநகர்க் கட்டட ஒழுங்கு வாரியம்'. இரண்டாம் வரி: 'ஒலிக!' அவ்வளவுதான். எழுத்து ஓரடி உயரம் இருக்க வேண்டும், நேரில் ஆய்வு செய்யப்படும்.

முத்திரை நீடிக்கும் என்ற வரியை லாசரஸ் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு தாம்பரத்துக்கு ஓடினார். வெந்நீருக்கென்று தனியாகப் புது விண்ணப்பம் போடுகிறேன், இந்தத் தடவை ளகரத்தை நானே தட்டுகிறேன் என்றார். லோகநாதன் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"ஒரு மாடிக்கு ஒரு சூரியன்தான் சார், ரூல் அப்படி. உங்க சூரியனைச் சவுண்டுக்கு அலாட் பண்ணியாச்சு. இப்ப வெந்நீருக்கும் குடுத்தா டபுள் அலாட்மென்ட் ஆயிடும்."

லாசரஸ் அறுபது வயதில் முதல்முறையாக ஓர் அரசாங்க மேஜையைக் கையால் குத்தினார். குத்திவிட்டு "சாரி சார்" என்றார். லோகநாதன் பரவாயில்லை என்று சொல்லி, மேஜைக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று பார்க்க ஆளைக் கூப்பிட்டார்.

மறுநாள் விடிந்தது. மாடியில் முத்தாலம்மாள் வஞ்சிரம் கூவினாள். கீழே டீச்சர் சுவரைப் பார்த்து நின்றார். லாசரஸ் போட்ட இரண்டாவது ஹூக் மூன்றாவது கண்ணியில் போய் மாட்டிக்கொண்டது. கழற்றி மறுபடி மாட்டும்போது, "மன்னிச்சிரு ரத்தினம்" என்றார். "நான் ஒழுங்காப் போய் அனுமதி கேட்டிருக்கவே கூடாது."

டீச்சர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்தப் போர்டை யார் எழுதப்போறா?"

"பெயின்ட்டர் யாரையாவது பாக்கணும்."

"வேண்டாம். நான் எழுதுறேன்."

"உனக்குக் கை..."

"ஒரு சின்னக் குண்டான்ல தண்ணி வைங்க. வலது கை மட்டும் போதும்."

லாசரஸ் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கிவந்தார். டீச்சர் வலது கையை அதில் முக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் திறந்தன. பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு தகரப் பலகைமுன் உட்கார்ந்தார். முதல் வரியை எழுதி முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டது. தண்ணீரை மறுபடி காய்ச்சச் சொல்லிக் கையை முக்கிக்கொண்டார். இரண்டாம் வரிக்கு வந்தார். 'ஒ' போட்டார். அடுத்த எழுத்தைத் தொடங்குமுன் ஒரு நொடி நிறுத்தினார். பிறகு வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி, நிதானமாக, சுழித்துக் கீழே இறக்கி, வாலை வளைத்து, மேல்விலங்கு போட்டு முடித்தார்.

லாசரஸ் பார்த்தார். அவருக்கு வேர்த்துவிட்டது.

பலகையில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'புறநகர்க் கட்டட ஒழுங்கு வாரியம் ஒழிக!'

"ரத்தினம், ஜெயில்ல போட்டுருவாங்க."

"எழுத்துப் பிழைதானே? ஒரு எழுத்துக்குப் போயி டென்ஷன் ஆகாதீங்க" என்றார் டீச்சர்.

பலகையை வாசலில் மாட்டினார்கள். ஆய்வு நாளன்று லாசரஸ் நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஜெபம் செய்தார். துளசிங்கம் வந்தார். பலகை எதிரில் நின்று, விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி வாய்விட்டுப் படித்தார்.

"பு-ற-ந-கர்க் கட்டட ஒலுங்கு வாரியம்... ஒ-லி-க!"

தெருவில் போன இரண்டு பேர் நின்று பலகையைப் பார்த்தார்கள், துளசிங்கத்தைப் பார்த்தார்கள், வேகமாக நடையைக் கட்டினார்கள்.

"நல்லாப் பாத்துக்குங்க சார். பிழை ஏதும் இல்லையே?" என்றார் டீச்சர், வாசற்படியில் நின்றபடி.

"ஒரு மிஸ்டேக்கும் இல்ல டீச்சர். நாங்க எய்த்துக் கூட்டிப் பட்ச்ச ஆளுங்க. கையெய்த்து சும்மா முத்து முத்தா கீது!" என்று சொல்லிப் பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டார். ஆய்வறிக்கையில் 'வாசகம் ஆணைப்படி உள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அந்தப் படம் லோகநாதனிடம் போனது. அவர் முனைவர் ஜெயவேலுவுக்குக் காட்டினார். முனைவர் வாய்விட்டுப் படித்து, கண் கலங்கி, "தமில் வாலும்" என்றார். இனி அனுமதி பெறும் எல்லாக் கட்டடங்களும் இதையே மாதிரிப் பலகையாகக் கொள்ள வேண்டும் என்று சுற்றறிக்கை போயிற்று. தாம்பரம் மண்டல அலுவலக வாசலிலும் ஒன்றைப் பெரிதாக, விளக்கு போட்டு மாட்டியிருக்கிறார்கள். காலையிலிருந்து வரிசையில் நிற்கிற ஜனங்கள் அதைத்தான் படித்துக்கொண்டு நிற்கிறார்கள். இன்றுவரை ஒருவர்கூட உள்ளே போய்ச் சொல்லவில்லை. சொல்வதென்றால் அதற்கும் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டுமே.

ஆய்வு நாளன்றே, துளசிங்கத்தின் ஜீப் தெருமுனை திரும்பியதும் லாசரஸ் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். ஓரடி உயரத்தில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதவர்கள் ஒரு துண்டுக் கம்பியையா பார்க்கப்போகிறார்கள்? முத்திரையை நறுக்கிப் பக்கத்துக் காலி மனையில் எறிந்தார். வால்வைத் திறந்தார். வெந்நீர் சத்தம் போடாமல் இறங்கியது.

மறுநாள் விடியற்காலையில் குளியலறையில் வெகுநேரம் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. லாசரஸ் வழக்கம்போல அறைக்குப் போய் டீச்சரின் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"நகருங்க, நானே மாட்டிக்கிறேன்" என்றார் டீச்சர்.

மேலே முத்தாலம்மாள் நெத்திலி கூவத் தொடங்கினாள்.